இன்னும் ஒரு ஆள் வரணும்

அவனோடு நான் போட்ட சண்டைகள் எல்லாம் நேரத்தைப் பற்றியவை. அழைப்பிதழில் மூன்று மணி என்று எழுதினால் மூன்று மணிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தால் அந்தப் புத்தி தானாக வந்துவிடும். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரம், பால் கரைக்கும் நேரம், தூங்க வைக்கும் நேரம் என்று எல்லாமே சுவர்க் கடிகாரப்படி நடக்கும் இடம் அது. எங்கள் தோட்டத்து மன்றத்தின் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டியபோது, அங்கேயும் அப்படியே நடத்தலாம் என்று நினைத்தேன்.

அவன் விடவில்லை. அவனுக்கு மணிக்கணக்கு கிடையாது, ஆள் கணக்குத்தான். எந்தக் காரியம் தொடங்கும்போதும் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பான். உதடு அசையும். பிறகு என் பக்கம் வந்து, "அக்கா, கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒரு ஆள் வரணும்" என்பான். அந்த ஒரு ஆள் வந்து சேர்ந்ததும் இன்னொரு ஆள் பாக்கியிருக்கும்.

போன வைகாசியில் அவன் போய்விட்டான். இருபத்து நாலு வயது. அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மன்றத்துக்காரர்கள் அதைப் பேனரில் பெரிதாக அடித்து முன்னால் 'அமரர்' என்று போட்டபோது, யாரோ ஒரு கிழவருடைய பெயரைப் படிப்பது மாதிரி இருந்தது எனக்கு. எங்களுக்கு அவன் தம்பி. பிள்ளைகளுக்கு ஆட்டோ மாமா. அது போதும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் விழாவைச் சொல்ல வேண்டும். வட்டவளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா சிறப்பு விருந்தினராக வந்து, மூன்று மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கைக் கையில் எடுத்தாயிற்று. அவன் மேடைக்கு ஏறி வந்தான்.

"யாருடா வரணும் இன்னும்?"

"மேல் லயத்து மாரிமுத்து தாத்தா."

"அவரு இந்நேரம் நல்லா ஏத்திக்கிட்டுப் படுத்திருப்பாரு."

"படுத்திருந்தா எழுப்பணும்லக்கா?"

மேல் வரிசை வீடுகளுக்கு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். தாத்தாவுக்கு முகம் கழுவி, தலை சீவி, தன்னுடைய சட்டையைப் போட்டுவிட்டிருந்தான். முன்வரிசையில் உட்கார வைத்ததும் தாத்தா தூங்கிப்போனார். வரவேற்புப் பாட்டு முழுவதும் அவருடைய குறட்டையோடுதான் நடந்தது. கோலாட்டம் முடிந்த சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டி, "இன்னொருக்கா ஆடச் சொல்லு!" என்று அடம்பிடித்தார். பிள்ளைகள் இன்னொருமுறை ஆடினார்கள். நானா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை. அதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆட்டோ வாங்குவதற்கு முன்னால் ஹட்டனில் ஒரு கடையில் வேலைக்குப் போய்வந்தான். காலை பஸ்ஸில் நானும் சில நாள் போயிருக்கிறேன். ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, "அய்யே, பொட்டக் இன்ன, தவ கெனெக் எனவா" என்று சிங்களத்தில் கண்டக்டரைக் கெஞ்சுவான். கொஞ்சம் நில்லுங்கள், இன்னும் ஒருத்தர் வருகிறார் என்று. யார் வருகிறார் என்று கண்டக்டர் எரிந்து விழுந்தால், "கவுருஹரி" என்பான். யாராவது வருவாங்க. அவன் சொன்னது பொய்யில்லை. மேலே தேயிலைக்குள் ஒரு குடை இறங்கி வந்துகொண்டிருக்கும். அது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். குடைக்காரர் யாரென்று அவனுக்கும் தெரியாது. அந்தக் கண்டக்டர் அவனைத் திட்டாத நாளில்லை. அவனுடைய மரண வீட்டுக்கு வந்து, கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இதையெல்லாம் கேட்டால் நல்ல பிள்ளை என்று தோன்றும். நல்ல பிள்ளைதான். ஆனால் அவனோடு இருப்பது சில சமயம் பெரிய இம்சை. வராமல் இருக்கிறவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்பது அவன் மண்டையில் ஏறவே ஏறாது. மரக்கறித் தோட்டத்து எல்லைக்காக ஏழு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரை, தம்பி மகளின் சடங்கு வீட்டில் ஒன்று சேர்த்தான். யாரும் கேட்காமல் போய் அண்ணனை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டான். பாயசம் ஊற்றுவதற்குள் நாற்காலி பறந்தது. விலக்கப் போனவனுக்குப் புருவம் கிழிந்தது. மறுநாள் பிளாஸ்டரோடு பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்றான். "ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்தாங்களே, பாத்தீங்களாக்கா?" என்று கேட்டான். தலையில் அடித்துக்கொண்டேன்.

எனக்கும் அவன் இதைச் செய்திருக்கிறான். கந்தப்பளையில் பேசி முடித்திருந்த என் கல்யாணம், நாள் குறித்த பிறகு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம்கூடச் சொல்லவில்லை. அந்த மாதம்தான் தோட்டத்துக் கோயில் திருவிழா. நான் வீட்டுக் காம்பராவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். அவனுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று, "அக்கா, நீங்க வராம தேர் நகராதாம்" என்றான். சுத்தப் பொய். நான் வாயில் வந்தபடி திட்டினேன். போகவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தூறலில் கால் நனைய உட்கார்ந்திருந்தான். அம்மா இரண்டாவது தேத்தண்ணி கொடுத்தாள். மூன்றாவதும் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், இந்தச் சனியன் தொலையட்டும் என்று எழுந்து சேலை மாற்றிக்கொண்டு போனேன். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் எத்தனை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருப்பேனோ தெரியாது. இதை அவனிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

எப்போதும் யாரையாவது கூட்டி வரப் போய்விடுவதால் எந்தக் குழுப் படத்திலும் அவன் ஒழுங்காக இல்லை. பேனருக்குப் படம் தேடியபோதுதான் அது தெரிந்தது. ஒன்றில் முதுகு. ஒன்றில் தோளும் காதும். கடைசியில் லைசன்ஸுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கினார்கள். அதில் அவன் பொலிஸைப் பார்த்தவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தான்.

அவன் போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாகச் சொல்ல என்னால் முடியாது.

வைகாசியில் ஒரு மத்தியானம் கழித்து, மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் குளவி கலைந்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுத் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு கீழ் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். டவுனிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தவன் பார்த்தான். கொட்டு வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போய்வந்தான். மூன்றாம் தரம் வந்தபோது மலையில் யாரும் இல்லை என்றார்கள். காலையில் மலை ஏறியவர்களைப் பார்த்திருந்த அவன் எண்ணிப் பார்த்தான்.

"பதினாறு பேருல்ல? பதினஞ்சு பேருதான வந்திருக்கீங்க. கோகிலாக்கா எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. கோகிலாவின் கூடை நிரையில் அப்படியே இருந்ததை ஓடி வரும்போது பார்த்ததாக ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான். ஒரு படங்கை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறிவிட்டான். கோகிலா அங்கே இல்லை. அவள் மத்தியான நிறுவை முடிந்தவுடனே, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம்கூடச் சொல்லாமல், கூடையை நிரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். இல்லாத ஆளைத் தேடி அவன் அந்த நிரை முழுவதும் கூப்பிட்டுக்கொண்டு நடந்திருக்கிறான். மறுநாள் விடியும்போது பெரிய ஆஸ்பத்திரியில் குளவிக் கொட்டால் உயிர் போனது.

கோகிலாவை யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. எங்கள் தோட்டத்தில் ஏச்சு சாதாரணம், ஏசிவிட்டு மறுநாள் மாவு கேட்டுப் போவார்கள். ஆனால் இதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்து நிரை எடுக்கிறவர்கள் வேறு நிரைக்கு மாறினார்கள். தண்ணீர்ப் பீலியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். 'சொல்லாமக் கொள்ளாம வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டா, அந்தப் புள்ள செத்தான்' என்பதுதான் எல்லாருடைய மனதிலும் இருந்தது. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. அவளுடைய புருஷன் கொழும்பில் வேலை. அவளுக்காகப் பேச வீட்டில் ஆள் கிடையாது.

அவள் ஏன் போனாள் என்று இந்தத் தோட்டத்தில் இன்னொருத்திக்கும் தெரியும். அது நான்தான்.

கோகிலாவின் மகளுக்கு அப்போது மூன்று வயது. அன்று காலை பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போனபோது நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் உடம்பு அனலாகிவிட்டது. காய்ச்சல் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கொழுந்து லொறியில் வந்த வெளியூர்ப் பையன் ஒருவனிடம் சொல்லி மலைக்கு அனுப்பினேன். மத்தியானம் அவள் ஓடி வந்தாள். "அந்திக் கொழுந்து வரைக்கும் வச்சிருங்கக்கா. சொல்லிட்டு வந்தா அரைப் பேருதான் போடுவாங்க. சொல்லாமதான் வந்திருக்கேன்" என்று கெஞ்சினாள். அரைநாள் சம்பளம் போய்விடும் என்கிறாள். நான் சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைக் காட்டினேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இதை நான் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால் பயம். பழியில் ஒரு பங்கு என் வாசலுக்கு வந்துவிடும் என்ற பயம். கோகிலா அதற்குப் பிறகு பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பவில்லை. எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

தை பிறந்தது. இந்த வருடப் பொங்கல் விழாவை அவன் நினைவாக எடுப்பது என்று மன்றம் முடிவு செய்தது. எங்கள் வழக்கப்படி விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு லயத்துக்கும், ஒவ்வொரு வாசலுக்கும் போய் அழைக்க வேண்டும். வெற்றிலை வைக்காத வீட்டார் வர மாட்டார்கள். வந்தால் அது வேறு பேச்சாகிவிடும். தாம்பாளம் என் கையில் இருந்தது. அவன் வீடு வந்தபோது தாண்டினோம். வருடம் திரும்பாத துக்க வீட்டுக்கு வெற்றிலை வைப்பதில்லை. ஐந்தாம் நம்பர் லயத்தில் கோகிலா வீட்டு வாசலையும் தாண்டினோம்.

"அந்தம்மா மனசு சங்கடப்படும்" என்று மன்றத் தலைவர் மெல்லச் சொன்னார். அந்தம்மா என்றது அவனுடைய அம்மாவை. நான் தலையாட்டினேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ நடமாடுவது தெரிந்தது. நான் அடுத்த வாசலுக்கு வேகமாக நடந்தேன். இரண்டு குவளைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு என் வாசலில் கிடந்தவனுக்காக எடுக்கிற விழாவுக்கு, நான் இப்படித்தான் அழைப்பு வைத்தேன்.

விழாவன்று எல்லாம் சரியான நேரத்துக்கு நடந்தது. பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. நானா கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார். டவுனிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் அவனை மலையகத்தின் தியாகி என்று சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவனுடைய பழக்கம். குடை இறங்கி வருகிறது என்று பஸ்ஸை நிறுத்துகிறவன், கூடை இருக்கிறது என்று மலை ஏறினான். அதை யாரும் தடுத்திருக்கவும் முடியாது.

தப்பு மேளம் அடிக்கிறவர்கள் நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது பிள்ளைகளின் கோலாட்டம். அப்போது மைதானத்துக்கு மேலே, தேயிலை ஓரத்துப் பாதையில், அவனுடைய அம்மா நிற்பதைப் பார்த்தேன். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லாமல் கொழுந்தெடுத்து அவனை வளர்த்தவர். மைதானத்துக்குள் வராமல் பாதையிலேயே நின்றார். நான் மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறினேன்.

"உள்ள வாங்க பெரியம்மா."

"வருசம் திரும்பலையே ஆயி. நான் இங்கேருந்தே பாக்குறேன்." கண் கூட்டத்தின்மேல் இருந்தது. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், "கோகிலாவக் காணோம்?" என்றார்.

"அவளுக்கு வெத்தில வைக்கல."

"ஏன்?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு…"

"நான் சொன்னேனா?"

நான் கீழே மேடையைத் திரும்பிப் பார்த்தேன்.

"எம்புள்ள கடைசியா கூப்பிட்டுக்கிட்டுப் போனது அவ பேரத்தான். அவள விட்டுட்டு நீங்க யாருக்கு விழா எடுக்குறீங்க?" குரல் உயரவில்லை. அப்புறம் அவராகவே, "அவ மேல எனக்கும் கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கும் இருக்கு. போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. காய்ச்சலைச் சொன்னேன். ஆள் அனுப்பியதைச் சொன்னேன். அவள் கெஞ்சியதையும், நான் சுவரைக் காட்டியதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். கீழே தப்புச் சத்தம் தொடங்கியிருந்தது. பெரியம்மா கூட்டத்திலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"எட்டு மாசமா வாயில என்னாத்த வச்சிக்கிட்டு இருந்த?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னைத் தாண்டி ஐந்தாம் நம்பர் லயத்துப் பாதையில் நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். தாம்பாளம் இல்லை, வெற்றிலை இல்லை. கோகிலா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பெரியம்மா தட்டினார். திறந்த கோகிலா, யார் என்று பார்த்ததும் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். என்ன பேச்சு வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை எட்டிப் பார்த்தது.

பெரியம்மா குனிந்து பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா ஆயி?"

கோகிலாவுக்கு முதலில் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். விளங்கியதும் பிள்ளையின் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் அந்தத் தோட்டத்தில் ஒருவர்கூட அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"அன்னைக்கு அந்திக்கே விட்டுருச்சு பெரியம்மா" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லதுதான்" என்றார் பெரியம்மா. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மைதானத்துப் பாதையில் இறங்கினார். கோகிலா எழுந்து, கதவைக்கூடச் சாத்தாமல், வெறுங்காலோடு பின்னால் போனாள்.